முப்பத்து மூன்று நாள் காவல்

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் மாதம் முதல் வாரத்தில் நீதிமன்றத்திலிருந்து அமலோற்பவத்துக்கு ஒரு கடிதம் வரும். எட்டு வருடமாக அவள் அதைப் பிரித்ததே இல்லை. கணவன் லூர்து வாங்கி, ரேஷன் அட்டை வைக்கிற டப்பாவில் போட்டுவிடுவான். தம்பி இருதயராஜ் துறைமுக யார்டில் கன்டெய்னரில் நசுங்கிச் செத்ததும் அதே பருவத்தில்தான் என்பதால், அந்த வாரத்தில் காகிதம் எதையும் படிக்கிற தெம்பு அவளுக்கு இருக்காது.

ஒன்பதாவது வருடம் முட்டை வண்டி தாமதமாகிவிட்டது. தூத்துக்குடியில் மக்ரூன் போடுகிறவர்களுக்கு முட்டை வராவிட்டால் வேலையே இல்லை. முந்திரியைப் பொடித்து வைத்தாகிவிட்டது, அடுப்பும் சூடாகிவிட்டது. சும்மா இருந்த கை கடிதத்தைப் பிரித்தது.

மறுவிசாரணை இந்த வருடமும் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று இருந்தது. அதற்குக் கீழே இரண்டு வரி: ‘குற்றம் சாட்டப்பட்ட இசக்கிமுத்து மறுவிசாரணைக்காக இதுவரை காவலில் கழித்த நாட்கள்: 33. சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு: 90.’

“ஏங்க, ஒன்பது வருஷத்துக்கு எத்தனை நாள்?”

“மூவாயிரத்துச் சொச்சம் வரும்,” என்றான் லூர்து. “எதுக்குக் கேக்க?”

“இதுல முப்பத்து மூணுன்னு போட்டிருக்கான்.”

லூர்து வாங்கிப் பார்த்தான். “ரெண்டு பூஜ்யம் விட்டிருப்பான்.”

பூஜ்யத்தை யாரும் மறந்து விடவில்லை. வேண்டுமென்றே விட்டிருந்தார்கள். அதைச் சொன்னவள் வழக்கறிஞர் ரஹ்மத் நிஷா. முப்பத்தைந்து வயது, வேகமான பேச்சு. நோன்புப் பெருநாளுக்குத் தங்கள் கடையில் மொத்தமாக மக்ரூன் வாங்குகிறவள் என்ற பழக்கத்தில்தான் அமலோற்பவம் கடிதத்தோடு அவளிடம் போனாள்.

“அக்கா, முதல் வழக்குல கிரேன் ஓட்டுன இசக்கிமுத்துக்கு ஆயுள் தண்டனை கொடுத்தாங்கள்லா? மேல போனப்ப அதை ரத்து பண்ணிட்டாங்க. கிரேனோட கணினிப் பதிவுல யாரோ கை வச்சிருக்காங்க, புதுசா விசாரிங்கன்னு சொன்னாங்க. அப்படி மறுவிசாரணைன்னு வந்துட்டா ஆளை உள்ள வச்சிருக்க ஒரு காலவரம்பு உண்டு. தொண்ணூறு நாள். அதுக்குள்ள விசாரணையை ஆரம்பிக்கணும். இல்லன்னா ஜாமீன்ல விட்டாகணும்.”

“ஒன்பது வருஷமா விடலையே?”

“அவன் தூங்குதாம்லா.”

துயில் காவல் என்று ஒன்று வந்திருப்பது அமலோற்பவத்துக்கும் தெரியும். சிறையில் இடம் போதவில்லை என்று கொண்டுவந்தார்கள். ரத்தத்தில் மருந்து ஏற்றி, உடம்பைக் குளிர வைத்து, பெட்டியில் படுக்க வைத்துவிடுவது. அடி இல்லை, பசி இல்லை, கொசு இல்லை. கருணையான ஏற்பாடு என்று அப்போது எல்லோரும் மெச்சினார்கள்.

“நமக்கு நூறு நாள் போனா அவன் உடம்புக்கு ஒரு நாள்தான் போகும்,” என்றாள் நிஷா. “அதனால காவல் நாளை உடம்புக் கணக்குல எண்ணணும்னு சட்டத்துல ஒரு வரி சேத்துட்டாங்க. அந்தத் தொண்ணூறு நாள் முடிய இன்னும் பதினஞ்சு வருஷம் ஆகும். அரசு தரப்புக்கு என்ன அவசரம்? நிபுணர் வரலை, ஃபைல் வரலைன்னு வாய்தா வாங்கிக்கிட்டே இருக்கலாம்.”

பதினைந்து வருடம். அமலோற்பவத்துக்கு இப்போது ஐம்பத்திரண்டு. அறுபத்தேழு வயதில் நீதிமன்றப் படி ஏறுகிற தன் முழங்காலை நினைத்துப் பார்த்தாள்.

“நிஷா, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். கன்டெய்னர் அவன் மேல இறங்குறப்ப எந்தம்பி பாத்தானா? பயந்தானா? இதைச் சொல்ல அந்த இசக்கிமுத்து ஒருத்தனாலதான் முடியும். அவனைத் தூங்கப் போட்டுட்டு எனக்கு வருஷா வருஷம் கடுதாசி போடுதாங்க.”

“எழுப்பச் சொல்லி மனு போடலாம். காலண்டர் நாளை எண்ணுங்கன்னு கேக்கலாம்.” நிஷா பேனாவை மூடி வைத்தாள். “ஆனா அதுல இன்னொண்ணு இருக்கு. அதையும் கேட்டுக்கிடுங்க.” எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து அதையும் சொன்னாள். அமலோற்பவம் முழுவதும் கேட்டுவிட்டு, “மனு போடு,” என்றாள்.

செய்தி பரவ இரண்டு நாள் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது பக்கத்துத் தெரு ஜெனோவா வழிமறித்தாள். “தம்பியைக் கொன்னவனை வெளிய கொண்டுவர நீயே வக்கீல் வச்சிருக்கியாமே?”

“வெளிய கொண்டுவர இல்ல, கூண்டுல ஏத்த.”

“என்னமோ போ. செத்தவனுக்கு அடுக்காது.”

ஜெனோவா வீட்டுக் கல்யாண ஆர்டர் வேறு கடைக்குப் போனது. லூர்து ஒரு நாள் முழுக்க முணுமுணுத்தான். மறுநாள் காலை, வழக்குக்காக அவள் வெளியூர் போகிற அன்று, அவனே அமலோற்பவத்தின் சேலையை இஸ்திரி போட்டு வைத்திருந்தான்.

உயர் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பெயர் சிவகுருநாதன். பேச எழுந்தவர் முதலில் அமலோற்பவத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

“கனம் நீதிபதி அவர்களே, இது விசித்திரமான மனு. காலவரம்பு என்பது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. அவர் புகார் சொல்லவில்லை. சொல்லவும் காரணமில்லை. அவர் உடம்பு முப்பத்து மூன்று நாள்தான் கழித்திருக்கிறது. ஒரு முடி நரைக்கவில்லை. இதில் இறந்தவரின் அக்காவுக்கு என்ன நஷ்டம்?”

நீதிபதி வயதான பெண்மணி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நிஷாவைப் பார்த்தார். “அவர் கேட்பது நியாயமான கேள்வி. காலவரம்பு யாருக்காக?”

“விசாரணை நடத்த வேண்டியவர்களுக்கு வைத்த கெடு அது, நீதிபதி அவர்களே,” என்றாள் நிஷா. “கைதி படுகிற கஷ்டத்துக்குக் கூலி என்று நினைத்தால்தான் உடம்பை அளக்க வேண்டும். கெடு என்றால் அரசாங்கத்தின் சுவரில் தொங்குகிற காலண்டரைத்தான் பார்க்க வேண்டும்.”

“குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்ன கெடுதல் என்று சொல்லவில்லையே,” என்றார் நீதிபதி.

நிஷா பதில் தொடங்குவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. “அம்மா, நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?”

நீதிபதி தலையசைத்தார். அமலோற்பவம் எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“அந்த யார்டுல வாட்ச்மேனா இருந்த செல்லையா அண்ணாச்சி நடந்ததைப் பாத்தவரு. அவரு போன வருஷத்துக்கு முந்துன வருஷம் தவறிட்டாரு. எந்தம்பி உடம்பை அறுத்துப் பாத்த டாக்டரும் போயிட்டாரு. வாசல்ல டீக்கடை வச்சிருந்த அம்மாவுக்கு இப்போ பெத்த பிள்ளை பேரே மறந்துபோச்சு. இந்த வழக்குல அவனை மட்டும்தான் குளுர்ல வச்சிருக்கீங்க. சாட்சிங்களை யாரும் வைக்கலையே? நாளைக்கு அவனே நிரபராதின்னா, அதைச் சொல்ல யாரு மிச்சம் இருப்பா? அவன்தான் பண்ணினான்னா, அதைத்தான் யாரு சொல்லுவா?”

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீண்ட நேரம் எழுதினார்.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. நாள் என்றால் சூரியன் உதித்து மறைகிற நாள்தான், காவலில் இருப்பவர் விழித்திருந்தாலும் தூங்கினாலும் அதில் மாற்றமில்லை என்று இருந்தது. இசக்கிமுத்துவின் காலவரம்பு எப்போதோ முடிந்துவிட்டது. அவனை எழுப்பி ஜாமீனில் விட வேண்டும், விசாரணை அறுபது நாளில் தொடங்க வேண்டும். அவனைப் போலவே காலவரம்பு கடந்து தூங்கிக்கொண்டிருந்த இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் அதே உத்தரவு பொருந்தும் என்று கடைசிப் பத்தியில் இருந்தது. அந்தப் பத்தியை நிஷா இரண்டு முறை உரக்கப் படித்தாள்.

எழுப்புகிற நாளன்று அமலோற்பவம் போக வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் போனாள். விழித்த முகத்தோடு அவனை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

துயில் இல்லம் ஊருக்கு வெளியே, புறவழிச்சாலையை ஒட்டி இருந்தது. முன்பு இறால் ஏற்றுமதிக்காகக் கட்டிய குளிர்க்கிடங்கு. வராந்தாவில் ஒரே கூட்டம். ஒருத்தி கையில் ஐந்து வருடத்துக்கு முந்திய சட்டை ஒன்றைத் தேய்த்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். இன்னொரு பக்கம் கல்லூரிக்குப் போகிற வயசுப் பெண் ஒருத்தி தன் அப்பாவை அடையாளம் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். அப்பாவுக்கும் அவளைத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள்தான் இருவரையும் சேர்த்துவைத்தார்கள். அதன்பிறகு இரண்டு பேரும் பிடித்த கையை விட்ட பாடில்லை.

“இசக்கிமுத்துக்கு ஆள் வந்திருக்கா?” என்று குமாஸ்தா கூப்பிட்டார். யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார். அமலோற்பவம் மெல்ல எழுந்து மேசைக்குப் போனாள்.

“நீங்க யாரும்மா?”

“தெரிஞ்சவ.”

“அவருக்கு அம்மா மட்டும்தான், பேச்சியம்மாள்னு போட்டிருக்கு. இறந்து நாலு வருஷம் ஆச்சு. இன்னும் அவர்கிட்ட சொல்லலை. நீங்க சொல்லிடுறீங்களா?” கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

இசக்கிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஆவணத்தில் நாற்பது வயது. முகத்தில் முப்பத்தொன்று. தம்பியும் அவனும் ஒரே வயது. தம்பி இருந்திருந்தால் இந்நேரம் நெற்றி ஏறியிருக்கும், லேசாகத் தொந்தி வைத்திருக்கும். இவன் அன்று கூண்டில் நின்ற அதே பையனாக இருந்தான்.

அவன் அவளைப் பார்த்தான். முதலில் அடையாளம் தெரியவில்லை. தலை நரைத்திருந்ததல்லவா. பிறகு தெரிந்தது. பின்னால் நகர்ந்தான்.

“உக்காரு. விழுந்துரப் போற,” என்றாள்.

பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான். “அம்மா வரலையா?”

எப்படிச் சொல்வது என்று யோசிக்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை. “ஒங்க அம்மா தவறிட்டாங்க. நாலு வருஷம் ஆவுது.”

அவன் தலையை ஆட்டினான். “இல்ல, போன மாசம்தான் ஜெயில்ல வந்து பாத்துச்சு. கருப்பட்டி மிட்டாய் கொண்டுவந்துச்சே.” சொல்லும்போதே அவனுக்குப் புரிந்தது. கையால் முகத்தை மூடிக்கொண்டான். அமலோற்பவம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டு ஆறுதல் சொல்ல அவளுக்கு வரவில்லை. எழுந்து போகவும் வரவில்லை. கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து பெஞ்சில் அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன், “அக்கா, அன்னைக்கு யார்டுல நான்...” என்று ஆரம்பித்தான்.

“இங்க வேண்டாம். கோர்ட்டுல சொல்லு. அதுக்குத்தான் ஒன்னை எழுப்பச் சொன்னேன்.”

நகருக்குப் போகிற பேருந்து வரும்வரை இரண்டு பேரும் அந்தப் பெஞ்சிலேயே இருந்தார்கள்.

கெடு என்று ஒன்று வந்துவிட்டால் எல்லாம் நடக்கிறது. ஒன்பது வருடமாகக் கிடைக்காத கணினி நிபுணர் பத்தொன்பதாவது நாளில் கிடைத்துவிட்டார். நீதிமன்றத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார். தன்னை யாரும் கூப்பிடவே இல்லை என்று சாட்சிக் கூண்டிலேயே சொன்னார். கீழே ஆள் நின்றால் கிரேனைத் தானாக நிறுத்துகிற உணரியை அணைத்து வைத்து வேலை வாங்குவது அந்த யார்டில் வழக்கம், விபத்துக்குப் பிறகு அதை மறைக்கத்தான் நிர்வாகம் பதிவைத் திருத்தியிருக்கிறது என்பதும் வெளியே வந்தது. அதற்கு நிர்வாகத்தின் மேல் தனி வழக்கு பதியச் சொன்னார் அமர்வு நீதிபதி. ஆனால் அன்று கிரேனை இறக்கிய கை யாருடையது, ஏன் இறக்கியது என்பதைப் பதிவு சொல்லவில்லை.

அதை இசக்கிமுத்தே சொன்னான். அவனுடைய வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

“போன தரம் கிரேன் தானா இறங்கிச்சுன்னு சொன்னேன். பொய். நான்தான் இறக்கினேன். இருதயராஜு மாதா கோயில் திருவிழாவுக்குப் போகணும், ஷிஃப்ட் மாத்திக்கிடுன்னு கேட்டான். நான் முடியாதுன்னேன். வாய்ச் சண்டை ஆயிட்டு. எனக்குக் கோவம். மேல ஏறினவன், தலைக்கு மேல கொண்டுபோய் நிறுத்தி ஒரு தடவை பயமுறுத்துவோம்னு நெனச்சேன். உணரியை அணைச்சிருந்ததால அது நிக்கல.”

நீதிபதி கேட்டார்: “இதை இப்போது ஏன் சொல்கிறீர்கள்? உங்கள் வக்கீல் இப்படிச் சொல்லச் சொல்லவில்லை என்று தெரிகிறது.”

“எல்லாரும் பதினோரு வருஷம் ஆச்சுங்காங்க அய்யா. எனக்கு அப்படி ஆகலையே. ரெண்டு வருஷம் ஜெயில்ல முழிச்சுக் கிடந்தேன். அப்புறம் படுத்து எந்திரிச்சேன். அந்தச் சத்தம் இன்னும் காதுல அப்படியே இருக்கு. தூக்கத்துல ஆறும்னு நெனச்சாங்க போல. தூங்குனா எதுவும் ஆறல. எங்கம்மா செத்தது மட்டும்தான் ஆச்சு.”

அரசு வழக்கறிஞர் சிவகுருநாதன் குறுக்கு விசாரணை செய்தார். மாவட்ட நீதிமன்றத்துக்கும் அவரே வந்திருந்தார். முடிக்கும்போது திரும்பி அமலோற்பவத்தைப் பார்த்தார். நிஷா அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்க வேண்டும். “கடைசிக் கேள்வி. கன்டெய்னர் இறங்கியபோது இருதயராஜ் அதைப் பார்த்தாரா?”

“பாத்தான்.” இசக்கிமுத்துவின் குரல் இறங்கியது. “அண்ணாந்து பாத்தான். பாத்துட்டுச் சிரிச்சான். நான் சமாதானமாயி, ஷிஃப்ட் மாத்த ஒத்துக்கிட்டுக் கீழ வாரேன்னு நெனச்சிட்டான் போல. கையைக் கூட ஆட்டினான். அவனுக்குப் பயம்னே ஒண்ணும் தெரியல. அதுக்குள்ள...”

அமலோற்பவம் அழுதாள், சத்தமில்லாமல், நிறைய. லூர்து அவள் தோளில் கை வைத்துக்கொண்டு தானும் அழுதான். ஆனால் அவளுக்குள் பதினோரு வருடமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்துகொண்டிருந்தது. சிரித்திருக்கிறான். அவனுக்கு எப்போதுமே யார் மேலும் சீக்கிரம் நம்பிக்கை வந்துவிடும்.

ஒரு வாரம் கழித்துத் தீர்ப்பு. கொலை என்று நிரூபணமாகவில்லை. மரணம் விளையலாம் என்று தெரிந்தே செய்த செயல் என்றார் நீதிபதி. அதற்குச் சட்டத்தில் இருக்கிற உச்ச தண்டனையைக் கொடுத்தார். பத்து வருடச் சிறை.

இசக்கிமுத்து தலை குனிந்து கேட்டுக்கொண்டான். காவலர் ஒருவர் அவன் பக்கத்தில் வந்து நின்றார். அப்போது நீதிமன்றக் குமாஸ்தா எழுந்து நீதிபதியின் காதருகே ஏதோ கேட்டார்.

“காவலில் இருந்த காலத்தைக் கழிக்க வேண்டும், சரிதான்,” என்றார் நீதிபதி. “எவ்வளவு?”

சிவகுருநாதன் எழுந்தார். “முதல் விசாரணையின்போது இரண்டு வருடம் நான்கு மாதம். துயில் காவலில் முப்பத்து மூன்று நாள்.” சொன்ன மாத்திரத்தில் நிறுத்திக்கொண்டார். அவர் முகம் மாறியது.

நீதிபதி மேசை மேலிருந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பின் நகலைப் புரட்டினார். “நாள் என்றால் எந்த நாள் என்று இதே வழக்கில் மேல் நீதிமன்றம் சொல்லிவிட்டதே. அப்படியானால் இவர் காவலில் கழித்தது பதினோரு வருடத்துக்கு மேல். தண்டனை பத்து. தண்டனைக் காலம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. இவர் வீட்டுக்குப் போகலாம்.”

இசக்கிமுத்துவுக்கு அது விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. காவலர் நகர்ந்து வழிவிட்டபிறகும் அவன் கூண்டிலேயே நின்றுகொண்டிருந்தான்.

வராந்தாவில் சிவகுருநாதன் வேகமாக நடந்து வந்து அமலோற்பவத்தைப் பிடித்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டவராகத் தெரிந்தார்.

“அம்மா, நீங்கள் அந்த மனுவைப் போடாமல் இருந்திருந்தால், விசாரணை என்றைக்கு வந்திருந்தாலும் இவன் இன்னும் ஏழு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்திருப்பான். உங்கள் வக்கீல் இதை யோசிக்கவில்லையே.”

“யோசிச்சா சார். மனு எழுதுறதுக்கு முன்னாடியே கதவைச் சாத்திட்டு வந்து சொன்னா. காலண்டரை எண்ணச் சொல்லி ஜெயிச்சா, தண்டனையிலயும் அந்தக் காலண்டரைத்தான் எண்ணுவாங்க, குத்தவாளின்னே ஆனாலும் அநேகமா வெளிய போயிருவான், சம்மதமான்னு கேட்டா.”

“தெரிந்தேவா கையெழுத்துப் போட்டீர்கள்?”

“தெரிஞ்சேதான்.” அமலோற்பவம் கொஞ்சம் யோசித்தாள். “அந்த ஒன்பது வருஷமும் எனக்கு நாளாத்தான் சார் போச்சு. ஒவ்வொண்ணும் முழு நாளு. அவன் அம்மாவுக்கும் அப்படித்தான் போயிருக்கும். அதை முப்பத்து மூணுன்னு எழுதினா நாங்க ரெண்டு பேரும் எங்க போறது?”

சிவகுருநாதன் மறுபடி ஒரு கும்பிடு போட்டார். முதல் நாள் போட்டதைவிட இது மெதுவாக இருந்தது.

வெளியே நல்ல வெயில். நிஷா வேப்பமர நிழலில் யாருடனோ அலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். துயில் இல்லத்திலிருந்து வந்தவர்களில் நாற்பது பேருக்கு இப்போது அவள்தான் வக்கீல். அமலோற்பவத்துக்குக் காலையில் குடித்த காப்பிக்குப் பிறகு ஒன்றும் இறங்கவில்லை. திடீரென்று நல்ல பசி எடுத்தது. இப்படி ஒரு பசி எடுத்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

“எங்க சாப்பிடலாம்?” என்று லூர்து கேட்டான்.

“மீன் குழம்பு நல்லாருக்கிற இடமாப் பாருங்க. நிஷாவையும் கூப்பிடுங்க,” என்று சொல்லிவிட்டு அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.